செராயா மேட்டுக்கு ஒரு பெல்ட்

புனிதன் கட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கியிருந்தது. இயந்திரம் சுழல்கிறது, பின்சக்கரமும் சுழல வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எதை வைப்பது?

மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன. சட்டகத்துக்கான இரும்புக் குழாய்களை அவனே வளைத்து, அவனே பற்றவைத்து, பற்றவைத்த தடம் விரலுக்குத் தட்டுப்படாதபடி அரத்தால் ராவியிருந்தான். இயந்திரம் தண்ணீர்ப் பம்பு ஒன்றிலிருந்து கழற்றியது. கயிற்றை ஒருமுறை இழுத்தால் மறுபேச்சில்லாமல் எழுந்துகொள்ளும். சக்கரங்கள் குட்டையும் பருமனுமானவை. இருக்கை, உட்காருபவரின் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தை அவன் எந்தப் படத்தைப் பார்த்தும் எடுக்கவில்லை. மனைவி ரோகினியை ஒரு பலகைமேல் உட்காரவைத்து, பலகையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழிறக்கி, அவள் "போதும்" என்று சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தான்.

வண்டி அவளுக்காகத்தான்.

ரோகினி, புக்கிட் செராயா தோட்டத்தின் நாற்றுப்பண்ணையில் வேலை செய்தாள். பண்ணை, மேட்டின் உச்சியில் இருந்தது. கறுப்புப் பைகளில் அணிவகுத்து நிற்கும், பழத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகளுள் எது தேறும், எது தேறாது என்று பார்த்துக் கழிப்பது அவள் பொறுப்பு. இலை விரியும் கோணத்தைக் கொண்டு அவள் ஒதுக்கிய கன்றை, வேறு யாரும் திரும்ப வரிசையில் கொண்டுபோய் வைத்ததில்லை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து மேட்டுக்கு ஆள்களை டிராக்டரின் பின்வண்டி ஏற்றிச் செல்வது வழக்கமாக இருந்தது. அண்டைத் தோட்டம் ஒன்றில் அப்படிப்பட்ட பின்வண்டி குடைசாய்ந்த பிறகு, இனி அதில் ஆள் ஏறக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மாத முடிவோடு டிராக்டர் சவாரி நிற்கும். மேட்டு வேலைக்காரர்கள் சொந்த வண்டியில் வர வேண்டும். வர இயலாதவர்களுக்குக் கீழே, அலுவலகத்தைச் சுற்றிப் புல் செதுக்கும் வேலை.

மற்றவர்களிடம் கப்சாய் இருந்தது. இடக்காலால் கியர் மாற்றி ஓட்டும் அந்தச் சிறிய மோட்டார் இல்லாத வீடு லயத்தில் கிடையாது. புனிதன் வீட்டிலும் ஒன்று நின்றது. ஆனால், வடிகாலின் குறுக்கே போட்டிருந்த பலகை புரண்டு விழுந்த நாளிலிருந்து, ரோகினியின் இடது கணுக்கால் நடப்பதற்கு உதவியதே தவிர மிதிப்பதற்கு உதவவில்லை. கணவன் கொண்டுபோய் விடலாமென்றால், அவன் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்பாளன். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுபவன். ஸ்கூட்டரையும் முயன்று பார்த்தார்கள். இரவல் வாங்கிய ஸ்கூட்டர், மழை அரித்த செம்மண் பள்ளத்தில் அடிவயிறு தட்டிச் சாய்ந்தது; சாய்ந்ததைத் தாங்க இடக்கால் மறுத்தது; ரோகினி வண்டியோடு விழுந்தாள்.

"புல்லுதானே, செதுக்கிட்டுப் போறேன்," என்றாள் அன்று மாலை.

அவள் அதைச் சொன்ன தொனியைக் கேட்டுத்தான் புனிதன் இரும்புக் குழாய் வாங்கப் போனான்.

ஸ்கூட்டரை இரவல் தந்தவன் தர்மேந்திரன். தம்பினில் மோட்டார் பட்டறை வைத்திருந்தான். தமிழ்ப்பள்ளியில் புனிதனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அந்த உரிமையை இன்றுவரை கைவிடாதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வந்து, வீட்டின் பின்கொட்டகையில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"என்னா மச்சான் இது, ஆட்டுக்குட்டி மாதிரி நிக்குது?"

"ஆட்டுக்குட்டி மேடு ஏறும்லா. நீ குடுத்த குதிரை படுத்துக்கிச்சு."

"குதிரைய கொற சொல்லாத. ஓட்டத் தெரியணும்," என்ற தர்மேந்திரன், சமையற்கட்டுச் சன்னலில் ரோகினியின் தலை தெரிந்ததும் குரலை மாற்றிக்கொண்டான். "தங்கச்சிய சொல்லல, பொதுவா சொன்னேன். சரி, இதுக்கு என்னா போடப்போற?"

"அதான் யோசிக்கிறேன்."

"இதுல என்னா யோசன? ஆட்டோ கிளட்ச் ஒன்னு, செயின் ஒன்னு. இஞ்சின்லேர்ந்து நேரா பின் டயருக்கு. முடிஞ்சுபோச்சு. அரை நாள் வேல."

மறுப்பதாக இருந்தாலும் சோதித்துப் பார்த்த பிறகே மறுப்பது புனிதனின் வழக்கம். ஆட்டோ கிளட்ச் என்பது இயந்திரத் தண்டின்மேல் உட்காரும் ஓர் உருளை. இயந்திரம் வேகமெடுத்தால் தானே பிடித்துக்கொள்ளும். வேகம் தணிந்தால் தானே விட்டுவிடும். காலுக்கு வேலையே இல்லை. இலேசானது, எளியது. அதன் குறை ஒன்றே: அதற்கு ஒரே ஒரு விகிதந்தான் தெரியும். சமதரைக்கும் மேட்டுக்கும் அதே பல், அதே இழுவை.

புனிதன் அதைப் பொருத்தினான். லயத்துப் பாதையில் வண்டி சிட்டாகப் பறந்தது. செராயா மேட்டில், பாதி ஏற்றத்தில், கிளட்ச் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் தவித்துப் புகைவிட்டது. அவன் இறங்கி, கையை அருகே கொண்டுபோனான். தொடாமலே கையை எடுத்துக்கொண்டான்.

"பின்னால இன்னும் பெரிய பல்லு போடு," என்றான் தர்மேந்திரன் தொலைபேசியில்.

புனிதன் போட்டான். ஏற்றம் சற்று எளிதாயிற்று. ஆனால் சக்கரமே குட்டையானது. பற்சக்கரம் அதற்குமேல் பெருத்தால் தரையைத்தான் உழ வேண்டும். உழுதது. சங்கிலி, களிமண்ணும் பனையோலைத் துணுக்குமாக வீடு திரும்பியது.

அடுத்த யோசனையும் தர்மேந்திரனுடையதே. பழைய கப்சாய் ஒன்றின் இயந்திரத்தைக் கியரோடு அப்படியே வைத்து, மிதிக்குப் பதிலாக ஒரு நீண்ட கம்பியை மேலே கொண்டுவந்து, கையால் கியர் மாற்றும்படி செய்துவிடலாம். அவன் இதைக் கொட்டகையில் நின்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது ரோகினி தேநீரோடு வந்தாள்.

"ஏண்ணே, மேட்டுல ஒரு கைய எடுத்துக் கியர் போடணும், இல்லையா?"

"ஒரு செகண்டுதான் தங்கச்சி."

"ஒரு கை எண்ணக் கைப்பிடிய முறுக்கணும். ஒரு கை பிரேக்குல இருக்கணும். கியர் போட ஒங்க தங்கச்சிக்கு மூனாவது கை மொளைக்கணும்."

தர்மேந்திரன் தேநீரை வாங்கிக்கொண்டான்.

பெல்ட் என்ற முடிவுக்குப் புனிதன் இப்படித்தான் வந்துசேர்ந்தான். தொழிற்சாலையில் இதே வகையில் ஓடும் பட்டைகளை அவன் நாள்தோறும் பார்க்கிறவன். இயந்திரத் தண்டில் ஒரு புல்லி. கொஞ்சம் பின்னால், தனித் தண்டொன்றில் இன்னொரு புல்லி. இரண்டையும் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். ஒவ்வொரு புல்லியும் இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகளின் குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கும். இயந்திரம் ஓய்ந்திருக்கையில் முன்புல்லியின் தட்டுகள் விலகி நிற்கும்; பெல்ட் அவற்றின் இடுக்கில் தளர்ந்து கிடக்கும். வேகம் ஏற ஏறத் தட்டுகள் நெருங்கும். நெருங்கும் தட்டுகளுக்கிடையில் பெல்ட் நசுங்கி மேலே ஏறும். பின்புல்லியில் இதற்கு நேர்மாறு. கிளம்பும்போது முதல் கியரின் இழுவை, ஓடும்போது கடைசி கியரின் வேகம், நடுவில் எண்ணிக்கையில் அடங்காத கியர்கள்; அவற்றுள் ஒன்றைக்கூட மிதிக்க வேண்டியதில்லை. பின்புல்லியின் தண்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு குட்டைச் சங்கிலி போதும்.

"செம்பனைத் தோட்டத்துல பெல்ட்டா?" என்று தர்மேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "உதிரிப் பழம் ஒன்னு நசுங்கித் தெறிச்சா போதும். எண்ண பட்ட பெல்ட்டு எதையும் பிடிக்காது மச்சான். நம்ம தோட்டத்துல தரையே எண்ண."

இந்த ஒரு வாதத்தைப் புனிதன் முழுமையாக ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக, இரண்டு புல்லிகளையும் பெல்ட்டையும் சேர்த்து மூடும்படி தகரத்தில் ஒரு மூடி செய்தான். விளிம்பு முழுக்க ரப்பர் ஓரம் வைத்தான். நான்கு திருகாணிகளால் இறுக்கினான். ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் வீசியடித்துவிட்டு, கழற்றி உள்ளே விரல் வைத்துப் பார்த்தான். ஈரமில்லை. சேறோ பழமோ எண்ணெயோ வெளியிலிருந்து உள்ளே வர இனி வழியில்லை என்பதில் அவனுக்கு ஐயமில்லை. அந்த அளவில் அவன் நினைத்தது சரியே.

சனிக்கிழமை, முன்கூடையில் ஓர் உர மூட்டையை வைத்து, ரோகினியையே ஓட்டச் சொன்னான். வண்டி மேட்டில் ஏறிற்று. நடு ஏற்றத்தில் அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்றாள்; பிரேக்கை விட்டு முறுக்கினாள்; வண்டி முனகாமல் கிளம்பிற்று. இறங்கும்போது பெல்ட்டு வண்டியில் இயந்திரம் தடுத்துப் பிடிக்காது, பிரேக்கை மட்டும் நம்பு என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவளும் அப்படியே இறங்கினாள். கீழே வந்து வண்டியை நிறுத்தியவள், சற்று நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி?" என்று கேட்டான்.

"புல்லு செதுக்க வேற ஆள் பாக்கச் சொல்லுங்க," என்றாள்.

திங்கட்கிழமை உதவி நிர்வாகி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை. புது வண்டியைப் பூசை போடாமல் வேலைக்கு எடுப்பது லயத்தில் யாரும் செய்யாத காரியம். புனிதனும் செய்ய நினைக்கவில்லை. தொழிற்சாலையில் ஆயுத பூசைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைப்பவன் அவன்தான். அவன் இழுக்கும் சந்தனப் பட்டைகள் கோணாது என்பதால் அந்தப் பொறுப்பு ஆண்டுதோறும் அவனிடமே வந்தது.

கொட்டகையில் வாழையிலை விரித்து, தேங்காய், பழம், எலுமிச்சை எல்லாம் வைத்தாயிற்று. பெல்ட்டின் இறுக்கத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்காக அவன் மூடியைக் கழற்றி வைத்திருந்தான். குத்துவிளக்கின் திரியை விரலால் இழுத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோதுதான் சிக்கல் எழுந்தது.

"மொதல்ல மொகத்துல வைங்க," என்றாள் ரோகினி.

வண்டிக்கு முகம் என்பது முன்விளக்கு. கப்சாய் ஆனாலும் லாரி ஆனாலும் அங்கேதான் முதல் பொட்டு. இந்த வண்டி பகலில் மட்டும் தோட்டத்துக்குள் ஓடுவது. ஆகவே புனிதன் அதற்கு விளக்கு வைக்கவில்லை. முன்னால் ஒரு குழாயும் ஒரு கூடையுந்தான் இருந்தன.

"இதுக்கு மொகம் எது?"

ரோகினி குனிந்து வண்டியை ஒரு பக்கமாகப் பார்த்தாள். திறந்த மூடிக்குப் பின்னால், முன்புல்லியின் இரண்டு தட்டுகளும் பளபளவென்று விலகி நின்றன.

"இதோ, வாயத் தொறந்துகிட்டு நிக்குது பாருங்க. இதான் மூஞ்சி."

பார்த்தான். வண்டியிலேயே வட்டமாகவும் ஒளியாகவும் இருந்தது அது ஒன்றுதான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. திரியின் நல்லெண்ணெய் ஒட்டிய விரலை வேட்டியில் ஒருமுறை துடைத்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தொட்டு, தட்டுகளின் சரிவான உட்பரப்பில், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று பட்டை இழுத்தான். ஒவ்வொன்றும் ஒரே நீளம், ஒரே இடைவெளி. நடுவில் குங்குமம். தள்ளி நின்று பார்த்துத் திருப்தியடைந்து, மூடியைப் பொருத்தி, நான்கு திருகாணிகளையும் இறுக்கினான். சூடம் காட்டினார்கள். ரோகினி சக்கரத்தால் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு லயத்துக் கோடிவரை போய்த் திரும்பினாள். சமதரையில் வண்டி நன்றாகவே ஓடியது.

மறுநாள் புனிதன் விடுப்பு எடுத்திருந்தான். உதவி நிர்வாகி கணேசமூர்த்தி தம் நாலுசக்கர வண்டியை மேட்டடியில் நிறுத்திவிட்டு இறங்கினார். லயத்துப் பெரியவர்கள் அவரை இன்னும் சின்ன தொரை என்றார்கள்; அது தமக்குப் பிடிக்காது என்பதை அவர் ஒவ்வொரு முறையும் முகத்தில் காட்டுவார், வாயால் சொல்லமாட்டார். வேடிக்கை பார்ப்பதற்காகத் தர்மேந்திரனும் வேனோடு வந்திருந்தான்.

"நான் கேக்கறது சிம்பிள்," என்றார் கணேசமூர்த்தி. "சாமானோட ஏறணும். பாதியில நிக்கணும். நின்ன எடத்துலேர்ந்து கெளம்பணும். அது போலேன்னா, செய்ய முடியும்னா, எனக்கு ஒன்னும் இல்ல. அக்கா மேலயே வேல பாக்கட்டும்."

"போலே சார்," என்றான் புனிதன். ஐயத்துக்கு இடமில்லாத குரல் அது.

ரோகினி கிளம்பினாள். உர மூட்டை முன்கூடையில் இருந்தது. மேட்டின் தொடக்கத்திலேயே இயந்திரத்தின் ஒலி சனிக்கிழமையைவிட மேலே போயிற்று. வண்டி மட்டும் அதனோடு போகவில்லை. நடு ஏற்றத்தை எட்டிப் பிரேக் பிடித்து நின்றாள். பிரேக்கை விட்டு முறுக்கினாள். மிதிபட்ட நாய்க்குட்டி கத்துவதுபோல் ஒரு கிறீச்சொலி. வண்டி முன்னால் ஓரடி போய், நின்று, பின்னால் நகரத் தொடங்கியது. அவள் இரண்டு பிரேக்கையும் இறுக்கி, இரண்டு காலையும் ஊன்றினாள். புனிதன் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தான்.

இன்னொரு முறை முயன்றார்கள். அதே கிறீச்சொலி. இப்போது புகையும்.

கணேசமூர்த்தி நடந்து மேலே வந்தார்; தர்மேந்திரன் பின்தொடர்ந்தான்.

"புனிதன், நீங்க செஞ்ச வேலைய நான் கொற சொல்லல," என்றார் கணேசமூர்த்தி. "ஆனா வண்டி பின்னுக்கு வருது. அவங்க கீழ மாட்டிக்கிட்டா நான் என்னா பதில் சொல்றது? இதுக்கு நான் ஓகே சொல்ல முடியாதுலா."

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், பெல்ட்டு வேணான்னு," என்றான் தர்மேந்திரன். வெற்றிக் களிப்பு எதுவும் அவன் குரலில் இல்லை. அது புனிதனுக்கு இன்னும் கசந்தது. "வுடு மச்சான். வேன்ல தூக்கிப் போடு. கப்சாய் இஞ்சின் கடையில இருக்கு. கை கியர் வெச்சுத் தர்றேன். தங்கச்சி பழகிக்கும்."

"ம்," என்று சொல்லப் புனிதன் வாயெடுத்தான். சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்: பெல்ட் தவறு, சங்கிலி சரி, ரோகினி கீழே.

அவள் இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "சனிக்கெழம ஏறுச்சு," என்றாள் அவனைப் பார்த்து. "இதே மேடு. இதே மூட்ட. இதே நான். நடுவுல என்னா செஞ்சீங்க?"

"ஒன்னும் செய்யல."

"பெட்ரோல்?"

"அதே பெட்ரோல். டயர் காத்துகூட காலையில பாத்துட்டேன். எதையும் தொடல ரோகினி."

கணேசமூர்த்தி குனிந்து முகர்ந்தார். "ரப்பர் தீயுற வாசம் சரி," என்றார் யோசனையோடு. "கோயில் வாசமும் சேந்து வருதே?"

புனிதன் தகர மூடியைப் பார்த்தான்.

அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. விலகி நின்ற தட்டுகள், சரிவான உட்பரப்பு, ஓடும்போது பெல்ட் எங்கே நசுங்கி ஏறுமோ, மிகச் சரியாக அந்த இடத்தில், ஒரே நீளம், ஒரே இடைவெளி. வெளியிலிருந்து ஒரு துளி எண்ணெய் நுழையாதபடி மூடி செய்தவன், உள்ளேயிருந்து தன் விரலாலேயே பூசி, மூடியை இறுக்கியிருக்கிறான்.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியே துடைத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஆனால் கணேசமூர்த்தியின் இன்றைய முடிவு இன்றைய முடிவாகவே நிற்கும். புனிதன் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மூன்று பேர் முன்னிலையில் மூடியைக் கழற்றினான்.

தட்டுகளில் வெந்துபோன சந்தனம் பழுப்பாகப் படிந்திருந்தது. பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடிபோல் மினுங்கின. குங்குமம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

தர்மேந்திரன் அருகே வந்து பார்த்தான், புல்மேட்டில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அவனை நிற்க விடவில்லை. "பெல்ட்டுக்கு அபிசேகம் பண்ணியிருக்கான் சார்! நான் ஒலகத்து எண்ணைக்கெல்லாம் பயந்தேன், இவன் வெளக்கெண்ணைய மறந்துட்டான்!"

"நல்லெண்ண," என்று திருத்தினான் புனிதன்.

"சாமி மேல பழிய போடாதீங்கண்ணே," என்றாள் ரோகினி. "பூசிவிட்ட கை இவரோடது."

"மொகத்துல வைன்னு சொன்னது நீ."

"மொகத்துலன்னு சொன்னேன். வாய்க்குள்ள வுட்டுத் தேய்ங்கன்னு சொன்னேனா?"

கணேசமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் வாய் கட்டுக்கு அடங்கவில்லை. "நான் மேல போயி நர்சரிய பாத்துட்டு வர்றேன்," என்றார். "திரும்பி வர்றதுக்குள்ள சுத்தம் பண்ண முடிஞ்சா இன்னொரு தடவ பாப்போம். முடியலைன்னா, இப்ப பாத்ததுதான் ரிசல்ட்டு."

அவர் கீழே இறங்கிப்போய் எடுத்த வண்டி மேலேறிப் போயிற்று. புனிதன் உலர்ந்த துணியால் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினான். பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் விரைவில் போகும். இயந்திரம் சூடாக இருந்ததால் அவன் அதைச் செய்யவில்லை. தர்மேந்திரன் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு வேனுக்குப் போனான். திரும்பி வந்தபோது, பிரேக் தட்டுகளைக் கழுவும் மருந்துப் புட்டி ஒன்றும் உப்புத்தாள் ஒரு துண்டும் அவன் கையில் இருந்தன.

"ஆற வுட்டு அடி. நான் தட்ட விரிச்சுப் பிடிக்கிறேன்."

சந்தனம் கரைந்து கறுப்பாக வழிந்தது. புனிதன் பெல்ட்டின் இரு ஓரங்களையும் உப்புத்தாளால் மினுக்கம் போகும்வரை தேய்த்தான். விளிம்பில் ஒரு விரல்கடை மினுக்கம் மிச்சமிருந்தது. அதையும் தேய்த்தான்.

"போதும்லா, தொரை வந்துருவாரு," என்றான் தர்மேந்திரன். "இது தம்பின்ல தெரிஞ்சா ஊரே சிரிக்கும், தெரியுமா?"

"தெரியும். நீதான் சொல்லப்போற."

"பின்ன? சும்மாவா மருந்து குடுத்தேன்."

மேலேயிருந்து இறங்கும் வண்டியின் ஒலி கேட்டது. ரோகினி கயிற்றை இழுத்து வண்டியைக் கிளப்பினாள். சோதனையை முதலிலிருந்தே காட்ட வேண்டும் என்று தானாகவே மேட்டடிக்கு இறங்கிப் போனாள். பெல்ட் பிடிக்கிறதா என்று பார்க்கச் சமதரையில் ஒரு வட்டம் அடித்தாள். பிறகு ஏறினாள்.

இம்முறை இயந்திரத்தின் ஒலி தாழ்ந்து, கனத்து, ஒரே சீராக வந்தது. கணேசமூர்த்தி எதிரே வண்டியை ஓரங்கட்டி, சன்னல் வழியே கையைக் காட்டினார். அவர் காட்டிய இடம் ஏற்றத்திலேயே மிகச் செங்குத்தான இடம். முதலில் நின்றதைவிடவும் மேலே. ரோகினி நின்றாள். இரண்டு பாதங்களும் செம்மண்ணில் முழுதாகப் படிந்தன. இடது பாதமும்.

புனிதன் கையில் ஒரு கல்லோடு பத்தடி பின்னால் நின்றான்.

அவள் பிரேக்கை விட்டாள். வண்டி பின்னால் வரவில்லை. முன்புல்லியின் தட்டுகள் நெருங்குவது புனிதனுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பெல்ட் நடுங்கி, இறுகி, பிடித்தது. வண்டி கிளம்பிற்று. கணேசமூர்த்தியின் சன்னலைக் கடந்தது. மேட்டு விளிம்பில் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். பார்க்கவில்லை. ஒலி பண்ணைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

புனிதன் கல்லைக் கீழே போட்டான்.

"ஓகே," என்றார் கணேசமூர்த்தி, வண்டியை அவர்களருகே கொண்டுவந்து. "மோட்டார் தோட்டத்துக்குள்ள மட்டும்தான். ரோட்டுப் பக்கம் தல காட்டக் கூடாது. அப்பறம், அடுத்த பூசைக்கு என்னையும் கூப்பிடுங்க. பொட்டு எங்க வெக்கறீங்கன்னு நான் பாக்கணும்."

"வாங்க சார்," என்றான் புனிதன், சற்றும் சிரிக்காமல்.

அவர் போன பிறகுதான் அவன் தன் இடக்கையைப் பார்த்தான். தகர மூடி அதில் இருந்தது. நான்கு திருகாணிகளும் சட்டைப் பையில் இருந்தன. ரோகினி மூடியில்லாமல் போய்விட்டாள். பண்ணையில் குழாய்த் தண்ணீர் தெறிக்கும், உரத்தூள் பறக்கும், இறங்கும் பாதையில் உதிரிப் பழம் கிடக்கும்.

"வேல முடிஞ்சு வந்ததும் மாட்டிக்கலாம்லா," என்றான் தர்மேந்திரன். "வா, தம்பின் போயி தே தண்ணி குடிப்போம். என் காசு."

"நீ போ."

"நடந்தா போற? இந்த மேட்டுலயா?"

புனிதன் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தான்.

அவன் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரோகினி கன்றுகளின் நடுவே குனிந்திருந்தாள். கழித்த கன்றுகள் சில அதற்குள் பாதையோரம் சேர்ந்திருந்தன. வண்டி, நிழல்வலையின் ஓரத்தில் நின்றது. அவன் மண்டியிட்டு, புல்லியின் வாய்க்குள் பார்த்தான். தூசியில்லை. சந்தனமும் இல்லை. மூடியைப் பொருத்தி முதல் திருகாணியை முடுக்கினான்.

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பொட்டில்லாம மொட்டையா நிக்குது."

"எங்க வெக்கலாம், நீயே சொல்லு."

"நீங்கதானே கட்டுனீங்க. மொகம் எதுன்னு ஒங்களுக்குத் தெரியணும்."

புனிதன் அதைக் கவனமாக எண்ணிப் பார்த்தான். "பெட்ரோல் மூடி."

"அது உச்சந்தல."

"ஹேண்டல்."

"அது கொம்பு."

அவன் நான்காவது திருகாணியையும் இறுக்கி, மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டி இடைவெளி இல்லை என்று உறுதி செய்துகொண்டு எழுந்தான். "நாளைக்கு ஒரு வெளக்கு வாங்கி முன்னால மாட்டிடறேன்."

"பகல்ல மட்டும் ஓடுற மோட்டாருக்கு வெளக்கு எதுக்கு?"

"பொட்டு வெக்க," என்றான் புனிதன்.